நான் செத்திருக்க வேண்டிய தை மாதம்

இரும்புக் கட்டில். கஞ்சி போட்ட வெள்ளை விரிப்பு. சுற்றிலும் பச்சைத் துணித் தட்டி. மேல்வயிறு தெரியப் புடவையை விலக்கிவிட்டு நான் மல்லாந்து படுத்திருக்கிறேன். எனக்கு இருபது வயது. பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு மாணவன் நிற்கிறான். அவன் நெற்றி வியர்வை சொட்டுச் சொட்டாக என் தலையணையில் விழுகிறது.

எதிரே பேராசிரியர். அவருக்குப் பின்னால் வெளியூரிலிருந்து வந்த இன்னொரு தேர்வாளர். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் படிப்பின் கடைசிப் பரீட்சை நடக்கிறது. கேள்வித்தாள் நான்தான்.

மாணவன் என் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஒப்பித்துக்கொண்டே போனான். என்ன கட்டி, எங்கே இருந்தது, என்ன ஆபரேஷன். எல்லாம் சரியாகச் சொன்னான் போலிருக்கிறது. பேராசிரியர் தலையாட்டிக்கொண்டே வந்து கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். இந்த நோயாளி எவ்வளவு நாள் உயிரோடு இருப்பாள்?

நான் காதைத் தீட்டிக்கொண்டேன். பதினோரு மாதமாக என் வீட்டில் ஒருத்தரும் வாயைத் திறக்காத விஷயம் அது.

அவன் என்ன சொன்னான் என்பதற்கு முன்னால் வேறு கதை இருக்கிறது. போன வாரம் இந்தத் தொடரில், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரை என் வகுப்பிலிருந்து வெளியே போகச் சொன்னதை எழுதியிருந்தேன். "உங்களுக்கு இவ்வளவு கோபம் எங்கிருந்து வந்தது?" என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். ஈரலில் இருந்து என்று பதில் எழுத நினைத்தேன். பாதி உண்மை.

மாங்காய் அளவு

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. இரண்டு தறி. நைனா, அம்மா, நான், அவ்வளவுதான் வீடு. ஆனால் எட்டுப் பேர் சத்தம் கேட்கும். நைனாவுக்குத் திட்டாமல் நெய்ய வராது. "கண்ணு எங்கடி வச்சிக்கினு இருக்கிற" என்றுதான் எங்கள் வீட்டில் பொழுது விடியும். அம்மா அவரைத் திட்டுவாள். நான் இரண்டு பேரையும் திட்டுவேன். யாரும் யார்மேலும் கோபமாக இல்லை. பேசுவதே அப்படித்தான்.

கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று கோர்வைப் புடவை நெய்ய இரண்டு பேர் வேண்டும். நைனா தறிக்குழியில் உட்கார்ந்து குறுக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவார். நான் பக்கவாட்டில் உட்கார்ந்து கரைக்கான நாடாவை விடுவேன். ஒரு இழை பிசகினால் சேர்ந்த இடத்தில் பல் இளிக்கும். நான் பிசகமாட்டேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பிசகினால் தொடையில் கிள்ளு விழும்.

பரீட்சைக்கு முந்தின வருஷம் ஆனியில், குனிந்தால் மேல்வயிற்றில் ஏதோ இடித்தது. தொட்டுப் பார்த்தேன். எலுமிச்சம்பழம் அளவு. ஆடி முடிவதற்குள் மாங்காய் அளவு.

ஊர் டாக்டர் சீழ்க்கட்டி என்று ஊசி போட்டார். பிறகு சென்னைக்கு எழுதிக் கொடுத்தார். ஆவணி பிறந்ததும் அங்கே என்னை அறுத்து ஈரலில் இடப்பக்கத்துத் துண்டை எடுத்துவிட்டார்கள். பேராசிரியர் நைனாவை வராந்தாவுக்குக் கூட்டிப் போய் ரொம்ப நேரம் பேசினார். திரும்பி வந்த நைனா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அந்த ஆள் சும்மா சிரிக்கிறவர் இல்லை.

திட்டு நின்ற வீடு

வீட்டுக்கு வந்த அன்றையிலிருந்து என்னை யாரும் திட்டவில்லை.

நான் "கண்ணு" ஆகிவிட்டேன். காலையில் "எழுந்துட்டியா கண்ணு". மத்தியானம் "இன்னும் ஒரு வாய் துன்னு கண்ணு". சட்டியை உடைத்தேன், "போவுது கண்ணு" என்றாள் அம்மா. அதே சட்டியில் முன்பு ஒரு கீறல் விட்டதற்கு என்னைத் தெருவரைக்கும் துரத்தியவள் அவள்.

என் அத்தை எல்லம்மாவுக்கு முழு விவரம் தெரியாது. ஈரலில் கட்டி, அதுவும் அபூர்வமான கட்டி என்று மட்டும் தெரியும். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "செங்கல்பட்டு ஜில்லாவுலயே யாருக்கும் வரலியாம், எங்க தனத்துக்குத்தான் வந்துக்கீது" என்று தண்ணீர்க் குழாயடியில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

போன ஈரலுக்குப் பதில் ஈரல் என்பது அவள் வைத்தியம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டு ஈரல் வாங்கி வருவாள். ஒருநாள் என்னையும் கூட்டிப் போனாள். கறிக்கடை பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மகளே என்பதற்கு அவர் பேட்டி என்பார்.

"எந்தப் பக்கம் எடுத்தாங்கோ பேட்டி?"

"எடப்பக்கம், பாய்."

"அரே, இத்தினி நாளு உங்க அத்தைக்கு வலப்பக்கம் குடுத்துக்கினு இருந்தேனே. சொல்லக்கூடாதா எல்லம்மா?"

அன்றுமுதல் ஆட்டின் இடப்பக்கத்துத் துண்டு எனக்கென்று தனியாக எடுத்து வைக்கப்பட்டது. ஈரல் தானாகவே வளரும் என்று பின்னால் டாக்டர் சொன்னார். அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. வளர்ந்ததெல்லாம் பாய் கடை ஈரல் என்றே கடைசிவரை சொன்னாள்.

பங்குனி உற்சவத்துக்கு அம்மா என்னை முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாள். வைகாசியில் கருட சேவை. விடியற்காலைக் கூட்டத்தில் எல்லோரையும் இடித்துத் தள்ளி, "நல்லா பாத்துக்கோ கண்ணு, கண்ணு நெறைய பாத்துக்கோ" என்று அழுதாள். நான் பெருமாளைப் பார்ப்பதா, இவளைப் பார்ப்பதா என்று விழித்தேன். அடுத்த வருஷம் வராமலா போகப் போகிறது, இதற்கு ஏன் அழுகை என்று எரிச்சல்தான் வந்தது.

முடியாத புடவை

தை பிறந்ததும் அம்மா கேட்டாள். "உனக்கு எந்தக் கலரு புடிக்கும் கண்ணு?"

மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை என்றேன். பத்து நாளில் பின்தறியில் அதே நிறத்தில் பாவு நூல் ஏறியிருந்தது.

பட்டு நெய்கிற வீட்டில் யாரும் பட்டுக் கட்டுவதில்லை. என் அம்மா கல்யாணத்துக்கே நூல் புடவைதான் கட்டினாள். அப்படிப்பட்ட வீட்டில், முதலாளி கொடுத்த வேலையை முன்தறியில் நிறுத்திவிட்டு, நைனா சொந்தமாகப் பட்டு வாங்கி நெய்கிறார்.

"யாருக்கு நைனா இது?"

"நம்ம வூட்டுக்குத்தான் கண்ணு."

எனக்குப் புரிந்துவிட்டது. கல்யாணம். என்னைக் கேட்காமல் எங்கேயோ மாப்பிள்ளை பேசியிருக்கிறார்கள். அதற்குத்தான் இந்தக் குழைவு, இந்தக் கண்ணு.

எனக்குக் கல்யாணம் வேண்டாம். வாத்தியார் வேலைக்குப் பயிற்சிப் பள்ளிக்கு மனு போட்டிருந்தேன். இரண்டு வருஷப் படிப்பு. எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க்கு. இடம் கிடைத்தால் ஆடி முதல் வாரம் சேர வேண்டும். புடவை முடிந்தால் கல்யாணம். கல்யாணம் முடிந்தால் பயிற்சிப் பள்ளி போச்சு. ஆகவே புடவை முடியக்கூடாது.

வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டுமென்றே இழையைப் பிசகவிட்டேன். கோர்வையில் பல் இளித்தது. தொடையை இறுக்கிக்கொண்டு கிள்ளுக்குக் காத்திருந்தேன்.

நைனா குனிந்து பார்த்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி.

"பரவால்ல கண்ணு. அவுத்துடலாம்."

நாலு விரல் நெய்ததை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து அவிழ்த்தார். மறுநாள் மறுபடி பிசகினேன். மறுபடி அவிழ்த்தார். நான் பிசகாத நாளில் அவரே ஒரு குற்றம் கண்டுபிடித்தார். ஜரிகை மங்கல் என்பார். இன்று நாள் சரியில்லை என்பார். இருபது நாளில் முடியும் புடவை மாசியில் முடியவில்லை. பங்குனியில் முடியவில்லை. வைகாசியில் பாதி தாண்டவில்லை. தன் பெண் கல்யாணத்துக்கு இப்படி நெய்கிற தறிக்காரனை நான் பார்த்ததே இல்லை.

ஆனியில் பக்கத்துத் தெருப் பெண்ணுக்குப் பயிற்சிப் பள்ளியிலிருந்து கார்டு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. தபால்காரரை மறித்தேன்.

"உன் கார்டா? உங்க நைனா கையில குடுத்து ஒரு வாரம் ஆவுதேம்மா."

வீட்டுக்கு வந்து கேட்டேன். "எனக்குக் கார்டு வந்துதா நைனா?"

"வரலியே கண்ணு" என்றார், நாடாவைப் பார்த்துக்கொண்டு.

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தறியையே கொளுத்தியிருப்பேன். அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. மாணவர்களுக்குப் பரீட்சை நடக்கிறது, அபூர்வமான நோயாளிகளைக் கூப்பிடுகிறோம், வந்து உதவவும் என்று. நைனா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நான் வழிநெடுக அவரோடு பேசவில்லை.

கேள்வித்தாள் சிரித்தது

மாணவர்களிடம் பெயர், வயது, வலி எங்கே இருந்தது, எப்போது அறுத்தார்கள் என்பதை மட்டும் சொல்லலாம், நோயின் பெயரைச் சொல்லக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் எச்சரித்தார்கள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு.

எனக்கு வாய்த்த மாணவன் சேலத்துக்காரன். தேர்வாளர்கள் வருவதற்கு முன் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான்.

"ஏம்மா, உனக்கு என்ன வியாதின்னு டாக்டருங்க பேசிக்கிட்டது ஏதாச்சும் காதுல விழுந்துச்சா?"

"எனக்கும் அதான் வேணும். நீ கண்டுபுடிச்சா எனக்கும் சொல்லு."

அவன் கண்டுபிடித்துவிட்டான். கெட்டிக்காரன்தான். பேராசிரியர் வந்தார், கேட்டார், இவன் சொன்னான். இப்போது முதலில் நிறுத்திய இடத்துக்கு வந்துவிட்டோம்.

"பிராக்னோசிஸ்?" என்றார் பேராசிரியர். நோயாளி பிழைப்பாளா, எவ்வளவு நாள் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் வார்த்தை.

"வெரி பூர், சார்."

"ஹவ் லாங்?"

"சிக்ஸ் மந்த்ஸ், சார். மேக்சிமம்."

ஆறு மாதம். அதற்கு மேல் இல்லை.

ஆட்டு ஈரல், கருட சேவை, உடைந்த சட்டி, ஒளித்த கார்டு, ஆயிரம் கண்ணு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கல்யாணம் இல்லை. நான் சாகப் போகிறேன். பயந்துகொண்டே விரல் விட்டு எண்ணினேன். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, தை.

இது ஆனி.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன், முடியவில்லை. வயிறு குலுங்கியது. வயிற்றின் மேல் இருந்த மாணவனின் கையும் சேர்ந்து குலுங்கியது. எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அவன் கையை அங்கேயே வைத்திருந்தான்.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும்" என்றேன். "ஆவணியில என்னை அறுத்தீங்க. ஆறு மாசம்னா தையோட முடிஞ்சிபோச்சி. நான் செத்து அஞ்சு மாசம் ஆவுதா?"

வெளியூர்த் தேர்வாளர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"உனக்கு இங்கிலீஷ் தெரியுமா அம்மா?"

"தெரியும். தமிழும் தெரியும். ரெண்டுலயும் என்கிட்ட யாரும் சொல்லல."

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பரீட்சை நடுவில் பேராசிரியர் உட்கார்ந்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"உங்க அப்பாகிட்ட ஆறு மாசம்னு சொன்னது நான்தான்" என்றார். "ஈரல்ல புற்றுன்னா புத்தகம் அப்படித்தான் சொல்லுது. ஆனா புத்தகத்துல இருக்கறவங்க பெரும்பாலும் வயசானவங்க, ஈரல் முழுக்கக் கெட்டுப்போனவங்க. உனக்குக் கட்டி இருந்த இடம் தவிர மத்ததெல்லாம் நல்லா இருந்தது. உன் வயசுல இப்படி ஒரு வகை அபூர்வமா வருது. முழுசா எடுத்துட்டா சிலர் நிலைக்கிறாங்கன்னு இப்பதான் ஒருத்தர் ரெண்டு பேர் எழுத ஆரம்பிச்சிருக்காங்க."

"எனக்கு ரெண்டு வருஷம் வேணும். படிப்பு இருக்குது. ரெண்டு வருஷம் இருப்பனா, மாட்டனா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா தெரியாதும்மா. திரும்ப வரலாம். வராமலும் போகலாம். ஆறு மாசத்துக்கு ஒருதரம் வந்து வயித்தைக் காட்டு. நடுவுல படிக்கப் போ. தெரிஞ்ச மாதிரி உங்க அப்பாகிட்ட பேசினது என் தப்பு."

பிறகு மாணவன் பக்கம் திரும்பினார். "நவ். பிராக்னோசிஸ்?"

அவன் என் வயிற்றிலிருந்து கையை எடுத்தான். "ஐ டோன்ட் நோ, சார்."

"குட்" என்றார் பேராசிரியர்.

பக்கத்துக் கட்டில்

சிரிப்போடு சிரிப்பாக ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்கு ஆபரேஷன் ஆனபோது பக்கத்துக் கட்டிலில் வாலாஜாபாத் பக்கத்து அக்கா ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் ஈரல்தான், வேறு வகை. வயிறு வீங்கியிருந்தது. ஊருக்குப் போனதும் எனக்குச் சுரைக்காய் கொடுத்தனுப்புகிறேன் என்றாள். கார்த்திகைக்கு முன் செத்துப்போய்விட்டாள். அவளிடமும் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு மூன்று குழந்தைகள். தெரிந்திருந்தால் அவர்களிடம் ஏதாவது சொல்லியிருப்பாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என் கதைக்கு வருகிறேன். அதற்குப் பிறகு பல வருஷம் கேள்வித்தாளாகப் பரீட்சைக்குப் போனேன். ஆறு மாதம் என்று ஒப்பித்தவர்கள் போய், ஒரு வருஷம் என்று ஒப்பிப்பவர்கள் வந்தார்கள். ஒருமுறை ஒரு பெண், "இந்த வகையில் நெடுநாள் பிழைத்தவர்களும் இருக்கிறார்கள் சார்" என்றாள். "எங்கே?" என்றார் பேராசிரியர். அவள் புத்தகத்தின் பெயரைச் சொன்னாள். அவர் என் கட்டிலைக் காட்டினார்.

வாலாஜாபாத் தாண்டி

அந்த முதல் பரீட்சை அன்று பேராசிரியர் வராந்தாவில் நைனாவிடமும் பேசியிருந்தார். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நைனா ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வாலாஜாபாத் ரைஸ் மில் வந்தது. அவித்த நெல் வாசனை பஸ்ஸுக்குள் நிறைந்தது.

"நைனா, அந்தப் புடவ எதுக்கு?"

அவர் பஸ் டிக்கெட்டை விரலில் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க. நான்தான் செத்துப்போயி அஞ்சு மாசம் ஆவுதே. இன்னும் இன்னா மறைக்கிறீங்க?"

"பூவாடைக்காரிக்கு" என்றார்.

எங்கள் பக்கத்தில் வீட்டுப் பெண் சின்ன வயதில் செத்தால் அவளைப் பூவாடைக்காரி என்று குலசாமியாக வைத்துக் கும்பிடுவார்கள். வருஷா வருஷம் மூங்கில் கூடையில் மஞ்சள், பூ, புதுப் புடவை வைத்துப் படைப்பார்கள். என் பெண்ணுக்குக் கடைப் புடவை வைக்கமாட்டேன், உன் கையால் நெய்து கொடு என்று அம்மா கேட்டிருக்கிறாள். என்னைச் சாமியாக்கப் பாவு போட்டு, கரை நாடாவை என் கையிலேயே கொடுத்திருக்கிறார்கள்.

"முடிஞ்சா நீ போயிடுவியோன்னு பயம்" என்றார் நைனா. "முடிக்கலன்னா சாமி கோச்சிக்குமோன்னு பயம். அதான் நெய்யறதும் அவுக்கறதுமா இழுத்துக்கினு இருந்தேன்."

"நானும்தான் நைனா. கல்யாணப் புடவன்னு நெனச்சி வேணும்னே தப்பு வுட்டேன்."

நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். "வேணும்னேவா? நீ தப்பு வுடற ஆளு இல்லியேன்னு பாத்தேன். அந்த ஆத்தாவே உன் கைய ஆட்டி, வேணாம் வேணாம்ங்கறான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"ஆத்தா இல்ல. நான்தான்."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். அவர் கண்ணில் நீர் வழிந்தது. கண்டக்டர் வந்து, "பெரியவருக்கு ஒடம்பு சரியில்லியாம்மா?" என்று கேட்டார். அதற்கும் சேர்த்துச் சிரித்தோம்.

"ஒரு கேள்வி நைனா" என்றேன். "செத்தா வருஷத்துக்கு ஒரு புதுப் புடவ. உசுரோட இருந்தா மூணு வருஷத்துக்கு ஒரு பாவாடை. இது இன்னா நியாயம்?"

பின்தறியில்

வீட்டுக்கு வந்ததும் நைனா முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து கார்டை எடுத்துக் கொடுத்தார். சாகப் போகிற பெண்ணை அனுப்பப் பயந்து ஒளித்தவர், கிழிக்க மனம் வராமல் வைத்திருந்திருக்கிறார். ஆடி முதல் வாரம் சேர வேண்டும். இன்னும் பத்து நாள் இருந்தது.

அம்மாவிடம் நைனா சொன்னார். அவள் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "டாக்டரு தெரியாதுன்னு சொன்னாரா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். "தெரியாதுன்னு சொன்னாரே, அதுவே போதும்" என்றாள். எங்கள் குலத்தில் முன்பே கும்பிட்டு வரும் பூவாடைக்காரிக்கு வேறு புடவை படைப்பதாக வேண்டிக்கொண்டாள்.

மாம்பழ மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டுதான் பயிற்சிப் பள்ளிக்கு முதல் நாள் போனேன். யார் வீட்டுக் கல்யாணத்திலிருந்து நேராக வருகிறாய் என்று கேட்டார்கள்.

ஆனால் அதை ஒன்பது நாளில் முடிக்க வேண்டியிருந்ததே. சென்னையிலிருந்து வந்த மறுநாள் காலை நானும் நைனாவும் பின்தறியில் உட்கார்ந்தோம். நாடா இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே. ஆறு மாதமாக நகராத புடவை விரல் விரலாக வளர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வருஷம், இரண்டு வருஷம் என்று மனது தறிச் சத்தத்தோடு சேர்ந்து குதித்தது. அந்த வேகத்தில் ஒரு இழை நிஜமாகவே பிசகிவிட்டது. கோர்வையில் பல் இளித்தது.

நைனா கையை நிறுத்தினார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். அவர் மூக்கு விடைத்தது.

"கண்ணு எங்கடி வச்சிக்கினு இருக்கிற, கழுத? ஒம்போது நாள்ல இஸ்கோலுக்குப் போவணும், இங்க குந்திக்கினு பல்லக் காட்டிக்கினு இருக்குது பாரு. ஒரு இழ ஒழுங்கா வுடத் துப்பில்ல, நீ போயி புள்ளைங்களுக்குப் பாடம் சொல்லித் தரப்போறியா?"

அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். நைனா நிறுத்தவில்லை. பதினோரு மாதப் பாக்கி.

நான் நாடாவைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் முழுக்கக் கேட்டேன். தொடையில் கிள்ளும் விழுந்தது. நன்றாக வலித்தது.